காசியில் இல்லாத கோயில்

அன்புள்ள இளங்கோ,

பிரம்மா தங்கத் தட்டுகளை அடுக்கி வைத்த கோயில் காசியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உன் அலுவலகத்து பிரெஞ்சுக்காரர் கேட்டதாக எழுதியிருந்தாய். இந்தியன்தானே, தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார். அவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடு: அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் அவர் ஊர்க்காரர்கள். பாரிஸில், காகிதத்தில் கட்டினார்கள்.

கதை இதுதான். உலகத்தின் நடுமையத்தைக் குறிக்கும் விமானத்தின் கீழே ஒரு பித்தளைப் பலகை. அதில் முழ உயரத்துக்கு மூன்று வைர ஊசிகள். படைப்பின்போது பிரம்மா ஓர் ஊசியில் 64 பொன் தட்டுகளைச் செருகி வைத்தார். பெரியது அடியில், மேலே போகப் போகச் சிறியது. பூசாரிகள் இரவும் பகலும் முறைபோட்டு அவற்றை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சமயத்தில் ஒரு தட்டுதான் எடுக்கலாம். சின்னதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. 64 தட்டுகளும் இன்னோர் ஊசிக்குப் போய்ச் சேரும் நாளில் கோயிலும் பூசாரிகளும் பொடிப்பொடியாகி, ஓர் இடிமுழக்கத்தோடு உலகமே மறைந்துவிடும்.

இதை 1884-இல் 'லா நாத்யூர்' என்ற பாரிஸ் அறிவியல் இதழில் எழுதியவர் ஆன்றி த பார்வில் என்ற பத்திரிகையாளர். நம் புராணம் எதிலும் இது கிடையாது. 1892-இல் ரௌஸ் பால் என்ற கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் தன் கணித விளையாட்டுப் புத்தகத்தில் இதை எடுத்துப் போட்டார். அப்படியே ஆங்கிலத்தில் ஏறி நம்மிடம் வந்து இறங்கியது. இப்போது நம்மவர்களே இதைப் பழைய இந்தியக் கதை என்று பெருமையோடு சொல்லித் திரிகிறார்கள். நம் கணிதத்தில் பெருமைப்பட எத்தனையோ இருக்க, இது எதற்கு?

கதைக்கு முந்தினது பொம்மை. 1883-இல் பாரிஸில் எட்டு மரத்தட்டுகளும் மூன்று கம்புகளுமாக ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. 'ஹனோய் கோபுரம்: அன்னாம் நாட்டு அசல் புதிர்' என்று அதன்மேல் போட்டிருந்தது. கொண்டுவந்தவர் சயாம் நாட்டு என். க்ளௌஸ், லி-சூ-ஸ்டியன் கல்லூரியில் உத்தியோகம். சயாமில் அப்படி ஒருவரும் இல்லை, அந்தப் பெயரில் கல்லூரியும் இல்லை. பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்து அடுக்கிப் பார்த்தால் முதல் பெயர் 'அமியான் ஊர் லூக்காஸ்' என்று ஆகும். கல்லூரி 'சான் லூயி' ஆகும். எதுவார் லூக்காஸ் அமியானில் 1842-இல் பிறந்தவர். பாரிஸ் சான் லூயி பள்ளியில் கணித ஆசிரியர். சொர்போனுக்கு எதிர்ப்பக்கம், சான் மிஷெல் சாலையில் அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. நீ எத்தனையோ தடவை கடந்து போயிருப்பாய்.

ஹனோய் எங்கிருந்து வந்தது? அந்த வருஷம் வட வியட்நாமில் பிரெஞ்சுப் படை போரிட்டுக்கொண்டிருந்தது. ஹனோய் கோட்டையை முந்தின ஆண்டே பிடித்துவிட்டார்கள். 1883 ஆகஸ்டில் ஹுவே அரசவையிடம் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். பாரிஸ் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த ஊர். பொம்மை விற்க அதைவிட நல்ல பெயர் கிடைக்குமா? ஒரு நாட்டைப் பிடிப்பவர்கள் அந்த நாட்டுக்கு ஒரு பழமையையும் சேர்த்துத் தயாரித்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். லூக்காஸ் அதைக் குறும்பாகத்தான் செய்தார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஊரில் ஆர் எ மெத்தியே அருங்காட்சியகம் இருக்கிறதல்லவா, அந்த நிறுவனத்துக்கு அவரே ஒரு பெட்டியைக் கொடுத்தார். அதில் தன் சொந்தப் பெயரைப் போட்டு, இரும எண் முறையை விளக்குவதற்காகச் செய்த விளையாட்டு என்று கையால் எழுதினார். அது சத்தியமான வார்த்தை. அதற்கு வருகிறேன்.

முதலில் எண்ணிக்கை. ஒரு தட்டுக்கு 1 நகர்த்தல், இரண்டுக்கு 3, மூன்றுக்கு 7, நான்குக்கு 15. ஒவ்வொரு தடவையும் இரட்டித்து ஒன்றைக் கூட்டுகிறோம். உனக்குக் கல்லூரியில் ரிகர்ஷன் பாடத்துக்கு இதைத்தான் உதாரணமாகக் காட்டியிருப்பார்கள்: மேலே உள்ள அடுக்கை ஓரமாக மாற்று, அடித்தட்டை நகர்த்து, அடுக்கை அதன் மேல் கொண்டுவந்து வை. நிரல் நாலே வரி. ஆனால் அது இத்தனை நகர்த்தலில் முடிக்கலாம் என்று மட்டும்தான் காட்டுகிறது. இதைவிடக் குறைவாக முடிக்க முடியாது என்பதற்கு என்ன சாட்சி? வகுப்பில் பாதிப்பேர் இதைக் கேட்பதில்லை. கேட்டால் பதில் அழகாக இருக்கும்.

அடித்தட்டு ஒருமுறையாவது நகர்ந்தே ஆக வேண்டும். அது கிளம்பும்போது அதன் தலைமேல் எதுவும் இருக்கக் கூடாது. போய் இறங்கும் கம்பிலும் எதுவும் இருக்கக் கூடாது. மற்ற எல்லாமே அதைவிடச் சின்னவை. ஆக, மீதித் தட்டுகள் அத்தனையும் மூன்றாவது கம்பில் ஒரே அடுக்காக நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த அடுக்கைக் கட்டியே தீர வேண்டும், அடித்தட்டு இறங்கிய பிறகு மறுபடி பிரித்து அதன் மேல் கட்டியே தீர வேண்டும். நடுவில் பெரியவருக்கு ஒன்று. எவ்வளவு கெட்டிக்காரன் வந்தாலும் இதற்குக் கீழே போக முடியாது. வேறு வழியில்லை என்ற அந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள். கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

எட்டுத் தட்டுக்கு 255 வரும். விநாடிக்கு ஒன்று என்றால் நாலேகால் நிமிஷம். 64-க்கு 1,84,46,74,40,73,70,95,51,615. விநாடிக்கு ஒன்றாக, சோறு தண்ணீர் இல்லாமல் நகர்த்தினாலும் சுமார் 58,500 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். அதைப் போல 42 மடங்கு. சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று தானியத்தை இரட்டித்து வைக்கச் சொன்ன கதையில் வருவதும் எண்ணுக்கு எண் இதே தொகைதான்.

இனி இரும எண். நீ எட்டாம் வகுப்பில் யாப்பு படித்தபோது நேர், நிரை என்று இரண்டே அசையை வைத்துக்கொண்டு ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு என்று எழுதினாயே, அதே இரட்டிப்புதான். நேருக்குப் பூஜ்யம், நிரைக்கு ஒன்று போட்டுக்கொண்டால் தேமாவிலிருந்து கருவிளம் வரை 00, 01, 10, 11 என்ற நான்கும் வந்துவிடும். இப்போது நகர்த்தல்களுக்கு வரிசை எண் கொடுத்து, அந்த எண்ணை இருமத்தில் எழுது. கடைசியில் எத்தனை பூஜ்யம் இருக்கிறது என்று பார். பூஜ்யமே இல்லையென்றால் மிகச் சின்னத் தட்டு நகர வேண்டும். ஒரு பூஜ்யம் என்றால் இரண்டாவது. இரண்டு என்றால் மூன்றாவது. 12-ஆவது நகர்த்தலில் எது நகரும்? 12 என்பது 1100, இரண்டு பூஜ்யம், மூன்றாவது தட்டு. எட்டுத் தட்டு விளையாட்டில் 128-ஆவது நகர்த்தல் 10000000, ஏழு பூஜ்யம், அடித்தட்டு. அதற்கு முன்னால் 127, பின்னால் 127. மேலே பார்த்த நிரூபணம் அப்படியே ஓர் எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தட்டுகளை நகர்த்துகிறவன் தனக்குத் தெரியாமலே 1 முதல் 255 வரை இருமத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறான். அருங்காட்சியகத்துப் பெட்டியில் லூக்காஸ் எழுதியது இதைத்தான்.

127 என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. லூக்காஸ் பொம்மைக்காரர் மட்டுமல்ல. 2-இன் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் வரும் 39 இலக்க எண், பகா எண் என்று 1876-இல் நிறுவியவர் அவர். கணினி கிடையாது, தானே கண்டுபிடித்த ஒரு சோதனை முறையும் கைக்கணக்கும்தான். 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண் ஒன்றையும் உலகம் அறிந்திருக்கவில்லை. இப்போது கோபுரத்தை வைத்துப் பார். இரண்டு தட்டுக்கு 3 நகர்த்தல். மூன்று தட்டுக்கு 7. ஏழு தட்டுக்கு 127. 127 தட்டுக்கு எத்தனை? லூக்காஸின் அந்தப் பகா எண்ணேதான். ஒவ்வொரு விடையையும் அடுத்த கோபுரத்தின் தட்டு எண்ணிக்கையாக வைத்துக்கொண்டே போகிறோம். இதுவரை வந்தவை எல்லாம் பகா எண்கள். அடுத்தது? அந்த எண்ணை முழுதாக எழுதி முடிக்கக்கூட இந்தப் பூமியில் இடம் போதாது. பகா எண்ணா இல்லையா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆடுகிறவனுக்கு இருமமும் வேண்டாம், ரிகர்ஷனும் வேண்டாம். லூக்காஸின் உறவுப் பையன், ஷார்லமாஞ் பள்ளி மாணவன் ரவுல் ஒலிவ் ஒரு வழி சொன்னான். ஒன்று விட்டு ஒரு தடவை மிகச் சின்னத் தட்டை நகர்த்து, எப்போதும் ஒரே சுற்றுத் திசையில். இடையில் வரும் தடவைகளில் சின்னதைத் தொடாதே. அப்போது விதிப்படி நகரக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதை நகர்த்து. அவ்வளவுதான், யோசிக்கவே வேண்டாம். எனக்கு அந்த மாமனைவிட இந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. மறுபடியும் கவனி: பாதி நகர்த்தல்களில் வேறு வழியே இல்லை என்பதால்தான் இந்த வழி பலிக்கிறது.

லூக்காஸ் 1891-இல், 49 வயதில் போய்விட்டார். ஒரு விருந்தில் பீங்கான் உடைந்து தெறித்த சில்லு கன்னத்தைக் கீறியது. காயம் புரையோடி, சில நாளில் முடிந்தது.

இனி, நீ கேட்காத விஷயம். நான்காவதாக ஒரு கம்பு வைத்தால்?

இங்கிலாந்தின் புதிர் மன்னர் டியூட்னி 1907-இல் இதைக் கேட்டார். தட்டுக்குப் பதில் பாலாடைக்கட்டி, கம்புக்குப் பதில் நான்கு முக்காலிகள். எட்டுக்கு 33 போதும் என்றார். மூன்று கம்பில் 255 ஆனது 33 ஆகச் சரிந்துவிட்டது! முறை சுலபம்தான். மேல் தட்டுகளில் சிலவற்றை நான்கு கம்பையும் பயன்படுத்தி ஓரிடத்தில் சேர். மீதியை அந்தக் கம்பைத் தொடாமல் மூன்றே கம்பில் மாற்று. பிறகு முதல் அடுக்கை அதன் மேல் ஏற்று. எட்டில் மேல் நான்கைப் பிரித்தால் 9, 15, 9, கூட்டினால் 33. எங்கே பிரிப்பது என்பதில் மட்டும் சாமர்த்தியம் வேண்டும். 1941-இல் ஃபிரேம், ஸ்டூவர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தனித்தனியே இதைப் பொதுவாக எழுதிக் காட்டினார்கள்.

இதைவிடக் குறைவாக முடியாது என்பதற்குச் சாட்சி? அங்கேதான் வண்டி நின்றது. அடித்தட்டு நகர வேண்டுமானால் மீதித் தட்டுகள் ஒரே கம்பில் நிற்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. இரண்டு கம்புகளில் எப்படி வேண்டுமானாலும் பங்குபோட்டு நிற்கலாம். எந்தப் பங்கீட்டில் இன்னும் மலிவான வழி ஒளிந்திருக்கிறது என்று யார் கண்டது? பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஐந்து நிமிஷத்தில் புரியவைத்த நிரூபணம், ஒரு கம்பைக் கூட்டியதும் கையைவிட்டுப் போய்விட்டது. 73 வருஷம் கழித்து 2014-இல்தான் தியரி பூஷ் என்ற பிரெஞ்சுக் கணிதர், நான்கு கம்புக்கு அந்த முறைதான் மிகக் குறைவானது என்று நிறுவினார். கட்டுரையை பிரெஞ்சிலேயே எழுதினார்; லூக்காஸுக்குச் செய்த மரியாதையாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

பார்விலின் பூசாரிகளுக்கு பிரம்மா இன்னோர் ஊசி கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். 64 தட்டுக்கு 18,433 நகர்த்தல். விநாடிக்கு ஒன்று என்றால் 5 மணி 7 நிமிஷம் 13 விநாடி. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உலகம் முடிந்திருக்கும்.

ஐந்து ஊசிக்கும் அதே மாதிரி சூத்திரம் இருக்கிறது. சின்ன எண்ணிக்கைகளுக்குக் கணினியில் ஓட்டிப் பார்த்தால் சரியாகவே வருகிறது. பொதுவான நிரூபணம் மட்டும் இன்னும் யாரிடமும் இல்லை. உனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகவில்லை என்று அம்மா சொன்னாள்.

அன்புடன்,
அத்தை

பி.கு.: உன் மேஜையில் இருப்பது எட்டுத் தட்டு. இரட்டைப்படை என்றால் முதல் நகர்த்தலில் சின்னத் தட்டை, போய்ச் சேர வேண்டிய கம்பில் வைக்காதே, மற்றதில் வை. ஒற்றைப்படையாக இருந்தால் நேரே சேர வேண்டிய கம்புக்குப் போகலாம். இதை மாற்றினால் கோபுரம் தவறான கம்பில் போய் நிற்கும், அந்த பிரெஞ்சுக்காரர் சிரிப்பார்.