பஸ்ஸின் முதற்படி

நடப்பவர் எவரும் தாம் நடப்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் அடியையும் நினைந்து நினைந்து எடுத்து வைப்பவர்க்கே நடையின் அருமை புலப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமமொன்றிலே வாழும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அத்தகையவன். அவனால் நடக்க முடியும். எனினும், குதிக்கால் நிலத்திற் படுவதில்லை. முழங்கால்கள் ஒன்றையொன்று உரச, நுனிக்காலில் நடப்பான். மணற்பாதையிலும் சனநெரிசலிலும் தடுமாறுவான். படியேறக் கைபிடி வேண்டும். குறைமாதத்திற் பிறந்த அவனது நிலைக்குப் பெருமூளை வாதம் என்று மருத்துவர்கள் பெயரிட்டனர்.

நோவு காலிலே தோன்றினும் அதன் மூலம் காலில் இல்லை. வளரும் மூளையில், பிறப்பதற்கு முன்னரோ பிறந்ததை அடுத்தோ நேர்ந்த ஊறின் விளைவே இது. இலண்டனிலே வில்லியம் ஜோன் லிற்றில் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1861 இல் இந்நிலையை விரித்துரைத்தார். அவர்தாமும் இளமையில் வளைந்த பாதத்தால் வருந்தியவர். மூளையின் ஊறு நாளடைவிற் பெருகுவதில்லை. ஆயின், இறுகிய தசை எலும்பின் வளர்ச்சிக்கு ஈடாக நீள்வதில்லை. ஆதலாற் பிள்ளை உயர உயர நடை கடினமாதலும் உண்டு.

இதனை அறிந்த நாள்முதல் தாயாருக்கு ஒரே எண்ணம்: குதிக்கால் நிலத்திற் பட வேண்டும். மாலையில் விளக்கேற்றியதும் பிள்ளையைப் பாயிற் கிடத்திப் பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணுவார். பிள்ளை அழுவான், தாயும் அழுவார், எண்ணுவது மட்டும் நிற்காது. விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினாற் பிள்ளை கட்டிலின் கீழ் ஒளியத் தொடங்கினான். பெற்ற பிள்ளை தன் கையைக் கண்டு அஞ்சுகிறான் என்பதை அத்தாய் எவருக்கும் சொல்லவில்லை.

மருத்துவமனைக்குப் புதிதாக வந்த இயன்மருத்துவர் ஓர் இளம்பெண். அவர் தாயாரிடம் எதையும் கேட்பதற்கு முன்னர் சிறுவனின் முன்னே குந்தியிருந்து, “தம்பிக்கு என்ன செய்ய விருப்பம்?” என்று வினவினார். அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். பின்னர், “பஸ்ஸிலை நானே ஏறவேணும். ஒருத்தரும் என்னைத் தூக்கக்கூடாது” என்றான்.

“குதி நிலத்திலை படாட்டி என்னெண்டு மிஸ் ஏறுவான்?” என்றார் தாய்.

“ஏறுறதுக்குத் தொடையிலையும் இடுப்பிலையும் பெலன் வேணும் அம்மா. அதைப் பழக்குவம்.”

இவ்விடையின் பின்னே நெடிய அனுபவம் ஒன்றுண்டு. இத்தகைய பிள்ளைகளின் தசைகளை வலுப்படுத்தினால் இறுக்கம் மிகும் என்று ஒரு காலத்தில் அஞ்சப்பட்டது. 1990களின் ஆய்வுகள் அவ்வச்சத்தைப் பெரிதும் நீக்கின. கையாற் பிடித்துச் சில நிமிடம் இழுப்பதாற் கிட்டும் பயன் சொற்பம் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. தசையை நீளச்செய்யத் தாங்கியோ பிளாஸ்ரர்க் கட்டோ நெடுநேரம் வேலை செய்ய வேண்டும். கனடாவில் 1997 இல் வகுக்கப்பட்ட ஐந்து படிநிலைகளுள் முதல் மூன்றிலும் உள்ள பிள்ளைகள் நடக்கக்கூடியவர்கள். மூன்றாம் நிலையினர்க்கு மட்டும் கைத்துணைக் கருவி வேண்டும். இச்சிறுவன் இரண்டாம் நிலையினன். இவ்வாறு நடக்கும் பிள்ளைக்கு, எதனைச் செய்ய விரும்புகின்றானோ அதனையே பலமுறை செய்விப்பது சிறந்த பயிற்சி எனலாம்.

மாலை நேரத்துப் பாய் சுருட்டப்பட்டது. விறாந்தையில் ஒரு பலகை வந்தது. சில வாரங்களில் அதன்மேல் இன்னொன்று. பின்னர் சீமெந்துக் கல். காலிலே பிளாஸ்ரிக்கினால் வார்த்த தாங்கியுடன் அவன் ஏறினான், இறங்கினான். சிறுவாங்கில் இருந்து கை ஊன்றாமல் எழுந்தான். வாரத்தில் மூன்று நாள் முதுகிற் புத்தகப்பையுடன் எழுந்தான். காலப்போக்கிற் பையிற் புத்தகங்கள் கூடின. தாய் அருகிருந்து எண்ணினார். இப்போது எண்ணிக்கையில் அவனும் சேர்ந்துகொண்டான்.

ஏழு மாதங்களின் பின், ஒரு காலை, பஸ் வந்து நின்றது. நடத்துநர் வழக்கம்போலக் குனிந்து கைகளை நீட்டினார். “விடுங்கோ தம்பி, அவன் தன்பாட்டிலை ஏறுவான்” என்றார் தாய். சிறுவன் கம்பியைப் பற்றி வலக்காலைப் படியில் வைத்தான். முதன்முறை உடல் எழவில்லை. உள்ளிருந்த ஒருவர் நேரம் போகிறதென முணுமுணுத்தார். தூக்கிவிட எழுந்த தம் கைகளைத் தாய் சேலைத்தலைப்பில் இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் முறை அவன் ஏறிவிட்டான். திரும்பிப் பாராமல் உள்ளே சென்று ஓர் இருக்கையில் அமர்ந்தான்.

நோய் தீர்ந்துவிட்டது என எவரும் கொள்ளலாகாது. அவன் உயரமாகும் ஆண்டுகளில் இப்போராட்டம் மீண்டும் வரும். பயிற்சியும் தாங்கியும், ஒருவேளை சத்திரசிகிச்சையும் வேண்டியிருக்கும். அன்றியும், படி ஏறப் பிள்ளையைப் பழக்குவது ஒரு பாதியே. படியைத் தாழ்த்துவது மறுபாதி. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. எனினும் கிராமத்து பஸ்ஸின் முதற்படி இன்னும் ஏழு வயதுப் பிள்ளையின் முழங்காலுக்கு மேலேயே இருக்கின்றது.

அன்று அந்தப் படியில் ஏறியபோதும் அவனது குதிக்கால் முழுதாகப் பதியவில்லை. தாய் அதைக் கண்டார். அதைப்பற்றி ஒன்றும் பேசாமல் அவனருகே போய் அமர்ந்தார்.