பதிமூணு கண் பாலமும் தம்பி கையும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்கா.

எங்க ஊர் வில்லியனூர். விழுப்புரம் - பாண்டி ரயில் பாதை 1879-ல வந்தது. அப்போ எங்க ஊர் பிரெஞ்சுக்காரன் கையில, விழுப்புரம் இங்கிலீஷ்காரன் கையில. ஊருக்கு மேற்கால சங்கராபரணி ஆத்து மேல ரயில் பாலம். பசங்களுக்கு அதை நடந்தே தாண்டுறதுதான் வீரம்!

எனக்குப் பதினோரு வயசு, தம்பிக்கு ஏழு. "கையை விட்றாதண்ணா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தான். பாதி பாலத்துல தண்டவாளம் அதிர ஆரம்பிச்சுது. நான்... கையை உதறிட்டு ஓடிட்டேன். கரையில நின்னு திரும்பிப் பார்த்தா, பாலத்தோரம் ஆள் ஒதுங்குற மேடையில குந்திக்கிட்டு இருக்கான். மீட்டர்கேஜ் வண்டி அவனை உரசுற மாதிரி போச்சு. அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

போன வருஷம் ரெண்டு பேரும் குடும்பத்தோட குற்றாலம் போனோம். அப்படியே செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டி. சின்ன ஊர். ரோட்டோரம் ஆறு, மேல பதிமூணு வளைவோட கருங்கல் பாலம். 1904-ல இந்தக் கொல்லம் பாதை வந்தப்போ செங்கோட்டையே திருவிதாங்கூர்லதான் இருந்துச்சு. சென்னை மாநிலத்தோட சேர்ந்தது 1956 நவம்பர் 1. எங்க புதுச்சேரி பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து கைமாறினதும் ஒரு நவம்பர் 1-லதான், 1954-ல. எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடின ரயில்கள் ரெண்டும்!

ரெண்டும் இப்போ அகலப்பாதை. எங்களோடது 2004-லயே மாறிடுச்சு. இங்கே 2010-ல வண்டியை நிறுத்தி, 2018-லதான் மறுபடி முழுசா விட்டாங்க. நல்லவேளை, பழைய பாலத்தை இடிக்காம பலப்படுத்தி வச்சுக்கிட்டாங்க.

பசங்க ஒண்ணு, ரெண்டுன்னு வளைவை எண்ணிக்கிட்டு இருந்தாங்க. மேல வண்டி வர்ற சத்தம். பக்கத்துல நின்ன தம்பி சட்டுனு என் கையைப் பிடிச்சான். நாப்பது வயசு ஆளு!

"இந்தத் தடவையாவது ஓடிடாதண்ணா"ன்னு சிரிச்சான்.

எனக்குச் சிரிப்பு வரலை. "மன்னிச்சுக்கடா"ன்னேன். முப்பத்து மூணு வருஷமா சொல்லாம வச்சிருந்தது. ரயில் சத்தத்துல அவனுக்குக் கேட்டுச்சான்னு தெரியலை. வண்டி போய் முடியிற வரைக்கும் கையை மட்டும் ரெண்டு பேருமே விடலை.

அப்புறம் டீக்கடைக்குப் போனோம். காசு நான்தான் குடுத்தேன் :)

பி.கு: ரயில் பாலத்து மேல நடக்காதீங்க. நம்ம ஊர்லயும் சரி, எங்கேயும் சரி.