ராஜ்கட் மலையிலே

மலைக்கோட்டையைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பது வேறு. மூச்சு வாங்க ஏறிப் பார்ப்பது வேறு. பகைவர் படை எத்தனை ஆயிரம் என்று சரித்திரம் சொல்லும். அந்தப் படை அடிவாரத்திலேயே ஏன் தயங்கி நின்றது என்பதை நம்முடைய முழங்கால்கள்தாம் சொல்லும்.

புனேயிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ராஜ்கட். கடல் மட்டத்துக்கு மேல் 4,500 அடிக்குக் குறையாத உயரம். முரும்பதேவ் என்று பழைய பெயர் கொண்ட இம்மலையில் சிவாஜி கோட்டை எழுப்பித் தம் தலைநகராக்கிக்கொண்டார். ராய்கட் தலைநகரானது அதற்குப் பிறகுதான். ராய்கட்டுக்குச் செல்வோருக்கு ரோப் கார் உண்டு. ராஜ்கட்டில் எங்களுக்குக் கால்களே கதி!

சென்ற மார்கழியில் நாங்கள் ஐவர் குஞ்சவணே கிராமத்திலிருந்து புறப்பட்டோம். முதலில் காட்டுப் பாதை. காலடியில் சரளைக்கல் உருண்டது. நாங்கள் மரத்தடிக்கு மரத்தடி உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கையில், தலையில் மோர்ப்பானையுடன் ஒரு மூதாட்டி எங்களைக் கடந்து மேலே போனார். மேலே வருகிறவர்களுக்கு மோர் விற்பது அவர் பிழைப்பு. அதன்பின் உட்கார எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

கோட்டையை நெருங்க நெருங்கப் பாதை செங்குத்தாகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. ஓரத்தில் பிடித்து ஏற இரும்புக் கம்பிகள் நாட்டியிருக்கிறார்கள். எங்கள் வேடிக்கைப் பேச்செல்லாம் அங்கே தானாக ஓய்ந்துவிட்டது. அதன் முடிவில் 'சோர் தர்வாஜா', அதாவது திருட்டு வாசல். குனிந்துதான் நுழைய வேண்டும். எவ்வளவு பெரிய படையானாலும் ஒவ்வொருவராய்த் தலையைக் குனிந்துதானே உள்ளே வர வேண்டும்! காவலனுக்கு வேறென்ன வேண்டும்?

உள்ளே பத்மாவதிக் குளத்தின் குளிர்ந்த காற்றில் பாதிக் களைப்புப் போயிற்று. பத்மாவதி, சுவேளா, சஞ்சீவனி என்று மூன்று மாச்சிகள் மூன்று பக்கம் கை நீட்டினாற்போல் கிடக்கின்றன. நடுவே உச்சிக்கோட்டையான பாலே கில்லா. மாளிகைகள் இருந்த இடத்தில் இன்று அடித்தளக் கற்களும் புல்லும்தான். சிவாஜியின் மனைவி சயீபாய் 1659-ல் உயிர்நீத்தது இங்கே. அவருடைய மகன் இராஜாராம் 1670-ல் வேறொரு மனைவியிடம் பிறந்ததும் இங்கேதான்.

இராஜாராம் என்றதும் உடன் வந்த மராட்டிய நண்பர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஜிஞ்சிப் பக்கத்துக்காரர்தானே? எங்கள் ராஜாவுக்கு இடம் கொடுத்த ஊராயிற்றே!" என்றார்.

சம்பாஜி 1689-ல் கொல்லப்பட்ட பிறகு, இராஜாராம் தெற்கே வந்து நம் செஞ்சியில் புகலடைந்தார். 1690-ல் முற்றுகையிட்ட முகலாயர் 1698-ல்தான் கோட்டையைப் பிடித்தனர். அதற்குள் அவர் தப்பிவிட்டார். அந்த எட்டாண்டுகள் மராட்டிய அரசின் தலைநகர் செஞ்சியே!

எங்கள் பக்கத்துத் திண்ணைகளிலோ செஞ்சி என்றால் தேசிங்கு ராஜன்தான். 1714-ல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட அந்த வாலிபனையும் அவன் குதிரையையும் அறியாத கிழவர் இல்லை. இராஜாராமின் பெயரை அங்கே நான் கேட்டதில்லை. கோட்டை ஒன்று, அதை நினைக்கும் நெஞ்சங்கள் இரண்டு விதம்.

வெளியூரில் படிக்கும் நம்மை எந்த ஊர் என்று கேட்டால், 'சென்னைக்குப் பக்கம்' என்று சொல்லி நகர்வதே நம்மில் பலருக்கு வழக்கம். அந்த உச்சியில் எனக்கு அந்த அவசியம் நேரவில்லை. என் ஊர்ப்பெயர் எனக்கு முன்பே அங்கே ஏறி வந்திருந்தது.

2025-ல் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், எஞ்சிய ஒன்று செஞ்சி. ராஜ்கட்டும் அதே பட்டியலில் இருக்கிறது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் ஒரு நாள் செஞ்சி ராஜகிரியில் ஏறிப் பாருங்கள். கூடுமானால் மராட்டிய நண்பர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். தேசிங்கின் கதையை நீங்கள் சொல்லுங்கள். இராஜாராமின் கதையை அவர் சொல்லட்டும். தண்ணீர் மட்டும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மொழி பேதம் கிடையாது!