மூன்று தந்தையரும் ஒரு முகமும்

திரைப்படம் என்றதும் கதாநாயகனை மட்டுமே நினைத்துப் பழகியவர்கள் நாம். சுவரொட்டியில் எவருடைய முகம் பெரிதோ அவரே நடிகர். ஏனையோர் கதையை நகர்த்த வந்தவர்கள். நெடுங்காலம் எமக்கிருந்த இந்த எண்ணத்தை அசைத்தவர் பீற் போசில்துவெயிற் என்ற ஆங்கிலேய நடிகர்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கொழும்பில் ஒரு வாடகை அறையில், இரவல் வாங்கிய வீடியோ நாடாவில் ‘இன் த நேம் ஒஃப் த ஃபாதர்’ (1993) என்ற படத்தைப் பார்த்தோம். ஊரிலிருந்து வந்து எம்முடன் தங்கியிருந்த பெரியப்பாவும் அருகில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சிறிது நேரத்தில் திரையிலிருந்த மெலிந்த மனிதரைச் சுட்டி, “உந்த மனுசன் ஆரடா தம்பி? எங்கட சங்கக்கடை மனேச்சர் மாதிரியெல்லோ இருக்கிறார்” என்றார்.

1974இல் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரில் மதுச்சாலைகளில் குண்டுகள் வெடித்தன. குற்றமேதும் செய்யாத ஜெரி கொன்லன் என்ற பெல்பாஸ்ற் இளைஞனும் வேறு மூவரும் அதற்காகத் தண்டிக்கப்பட்டனர். மகனுக்கு உதவ இலண்டன் வந்த தந்தை ஜுசெப்பியும் கைதானார். 1980இல் கைதியாகவே இறந்தார். மகன் 1989இல் விடுதலையானான். தந்தை மீதான தீர்ப்பு 1991இல்தான் நீக்கப்பட்டது. அந்தத் தந்தையாகவே போசில்துவெயிற் நடித்தார். இருவரையும் ஒரே சிறையறையில் வாழவைத்தது திரைக்கதை செய்துகொண்ட மாற்றம். ஆயினும் அந்த அறைக்குள் அவர் காட்டிய பொறுமையும் நேர்மையும் பொய்யாகத் தோன்றவில்லை.

தந்தை இறந்த இரவில் கைதிகள் எரியும் காகிதத் துண்டுகளைச் சாளரங்களின் வழியே வீசுகின்றனர். இருட்டில் நெருப்புப் பூக்கள் மிதந்து இறங்குகின்றன. அக்காட்சியில் பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பிரித்தானியா 1974 நவம்பரில் நிறைவேற்றிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே 1979இல் எமது நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கீழ் பிடிபட்ட மகனைத் தேடி வாயில் வாயிலாக நின்றவர் அவர். அவ்விரவில் நாம் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. மொழியறியாத ஒருவரின் நெஞ்சை ஒரு முகம் இவ்வாறு தொடுமாயின், அதை ‘துணை நடிப்பு’ என்று ஒதுக்குவது எவ்வகையில் நியாயம்?

அம்முகம் எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடிப் படித்தோம். 1946இல் வொறிங்டன் நகரில், கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பமொன்றில், நான்கு பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அவர். தந்தை மரவேலை இயந்திரத் தொழிலாளியாகவும் பாடசாலைக் காவலாளராகவும் உழைத்தவர். மகன் சிலகாலம் ஆசிரியராக இருந்து, பின் பிறிஸ்ரல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயின்று, எழுபதுகளில் லிவர்பூல் எவ்ரிமன் அரங்கில் வளர்ந்தார். நாவில் புரளாத இப்பெயரை மாற்றிக்கொள்ளுமாறு அறிவுரை கூறினார்கள், அவர் மறுத்துவிட்டார். ஒரு சிறு பிடிவாதம் எனலாம். ஆனால் பிறப்பையும் பேச்சையும் மறைத்தாலன்றி மேலேற முடியாத சமூகத்தில் வாழ்வோர் அதன் பொருளை அறிவர்.

1988இல் வெளிவந்த ரெரன்ஸ் டேவிசின் ‘டிஸ்ரன்ற் வொய்சஸ், ஸ்ரில் லைவ்ஸ்’ படத்தில் அவர் வேறொரு தந்தை. நத்தார் இரவில் உறங்கும் பிள்ளைகளைக் கனிவோடு பார்த்து நிற்கும் அதே மனிதன், மறுநாள் உணவு பரப்பிய மேசைவிரிப்பைப் பிடுங்கி எறிகிறான். கொடுமையை அவர் நியாயப்படுத்தவில்லை. கொடியவனுக்குள்ளும் நொறுங்கிய மனிதன் ஒருவன் இருப்பதை மறைக்கவுமில்லை.

மூன்றாவது தந்தை, ‘பிராஸ்ட் ஓஃப்’ (1996) படத்தின் டானி. யோர்க்ஷயரில் மூடப்படவிருக்கும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் பித்தளை வாத்தியக் குழுவை நடத்துபவன் அவன். படத்தின் கற்பனை ஊருக்குப் பின்னால் கிறைம்தோர்ப் என்ற உண்மை ஊர் இருக்கிறது. அதன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அவ்வூர்க் குழுவே படத்திற்கு வாசித்தது. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் கிடக்கும் டானிக்காக, தோழர்கள் தலைவிளக்குகளின் ஒளியில் வெளியே நின்று வாசிக்கிறார்கள். இசையே பெரிதென்று வாழ்ந்தவன் இறுதியில் இலண்டன் மேடையில் வெற்றிக் கிண்ணத்தை மறுத்து, மனிதரே பெரிதென்று பேசுகிறான்.

அவரை வானளாவப் புகழ்வது எமது நோக்கமன்று. ஹொலிவூட்டின் பெரும் வணிகப் படங்களிலும் அவர் நடித்தார். 1997இல் மட்டும் ஸ்பீல்பேர்க்கின் இரு படங்களில் தோன்றினார். பிரித்தானியத் தொலைக்காட்சியின் ‘ஷார்ப்’ தொடரில் ஹேக்ஸ்வில் என்ற கொடிய சார்ஜன்ராக வந்து வெறுப்பைத் தேடிக்கொண்டார். அரச விருதையும் 2004இல் பெற்றார். இவற்றையெல்லாம் கணக்கிலெடுத்த பின்னரும் எமது மதிப்புக் குறையாமைக்கு ஒரு காரணம் உண்டு.

2009இல் ‘த ஏஜ் ஒஃப் ஸ்ரூப்பிட்’ என்ற படத்தில், காலநிலை சீரழிந்த 2055ஆம் ஆண்டில் தனித்திருந்து பழைய பதிவுகளைப் பார்க்கும் முதியவராக அவர் தோன்றினார். கிங்ஸ்நோர்த்தில் புதிய நிலக்கரி மின்நிலையத்துக்கு அரசு அனுமதி வழங்கினால் விருதைத் திருப்பித் தருவேன் என்றும் அறிவித்தார். சுரங்கத் தொழிலாளிக்காகப் பேசியவர் நிலக்கரிக்கு எதிராகப் பேசலாமா என்று நண்பரொருவர் எம்மிடம் கேட்டதுண்டு. டானியின் நுரையீரலை நினைத்தால் விடை கிடைக்கும். அவர் நின்றது உழைப்பாளியின் பக்கம், கரியின் பக்கமல்ல. ஆயினும் சுரங்கத்தை மூடுவோர் அந்த ஊரின் அடுத்த வேளைச் சோற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்து அதைச் செய்யவில்லை என்பதே அந்தப் படத்தின் கோபம். காலநிலையைக் காக்கப் புறப்படுவோர் அனைவரும் அக்கோபத்தை மறவாதிருத்தல் நன்று.

2008இல் தாம் வளர்ந்த லிவர்பூல் அரங்குக்கே திரும்பி ‘லியர் மன்னன்’ ஆக நின்ற அக்கலைஞர், 2011 ஜனவரி 2ஆம் நாள் மறைந்தார். செய்தியறிந்தபோது ஊரிலிருந்த பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். நடிகரின் பெயர் அவர் நினைவில் இல்லை. சற்று யோசித்துவிட்டு, “ஆர், அந்தச் சங்கக்கடைக்காரரோ? நல்ல மனுசன்” என்றார். கலைஞனொருவன் இதற்குமேல் என்ன விருதைப் பெற்றுவிட முடியும்?