பிளம் மரத்தடி நாற்காலி

லண்டன், ஹாம்ப்ஸ்டெட். கீட்ஸ் குரோவ் தெருவில் ஒரு வெள்ளை வீடு. முன்புறம் புல்தரை. அதில் ஒரு பிளம் மரம். பழைய மரம் போன இடத்தில் நட்டது.

1819, வசந்தம். காலைச் சாப்பாடு முடிகிறது. மேசையடி நாற்காலி ஒன்று வெளியே போகிறது. மரத்தடியில் இறங்குகிறது. வீட்டருகே நைட்டிங்கேல் கூடு கட்டியிருக்கிறது.

இரண்டு மூன்று மணி நேரம்.

உள்ளே வருகிற கவிஞன் கீட்ஸுக்கு வயது 23. கையில் நாலைந்து காகிதத் துண்டுகள். சத்தமில்லாமல் புத்தகங்களுக்குப் பின்னால் செருகுகிறான். நண்பர் சார்ல்ஸ் பிரவுன் கவனிக்கிறார். எடுத்து அடுக்குகிறார்கள். நைட்டிங்கேலைப் பற்றி ஒரு கவிதை தேறுகிறது.

இது பிரவுன் பின்னாளில் எழுதியது. இன்னொரு நண்பர் டில்க் நம்பவில்லை. மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே கூரை, இரண்டு வீடு. இந்தப் பாதியில் பிரவுனும் கீட்ஸும். அந்தப் பாதியில் கீட்ஸின் காதலி ஃபேனி பிரான், அவள் அம்மா, தம்பி, தங்கை. தனியாக இருக்கப் புல்தரைதான்.

1820 பிப்ரவரி 3. கோச்சு வண்டியின் மேல்தட்டில், குளிரில், வீடு வருகிறான். மாடியறை. விரிப்பில் ஒரு சொட்டு இரத்தம். மெழுகுவர்த்தி கேட்கிறான். மருத்துவம் படித்தவன். நிறத்தைப் பார்க்கிறான். தம்பி டாம் காசநோயில் போய்ப் பதினான்கு மாதம்.

இனித் தனிமைக்குக் குறைவில்லை. சோபா. ஜன்னல். சுவரைச் சுற்றி ஃபேனிக்குத் துண்டுச் சீட்டுகள் போகின்றன, வருகின்றன. செப்டம்பரில் கப்பல். அடுத்த பிப்ரவரியில், ரோமில், முடிகிறது. வயது 25.

வீட்டை இடிக்க இருந்தார்கள். பணம் திரட்டி மீட்டார்கள். 1925 முதல் அருங்காட்சியகம்.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அமர்ந்து மற்றதில் கையூன்றிப் படிக்கும் கீட்ஸை நண்பர் செவர்ன் வரைந்திருக்கிறார். படத்தில் இருப்பது போலவே போட்டிருக்கிறார்கள். யாரும் உட்காருவதில்லை.

கண்ணாடிக்குள் ஃபேனியின் மோதிரம். சிவப்புக் கல். பின்னாளில் வேறொருவரை மணக்கிறாள். மோதிரத்தைக் கழற்றவில்லை.

வெளியே பெஞ்சுகள். ஒரு பெண் காதில் இயர்போன் மாட்டி, கண்ணை மூடி, நைட்டிங்கேல் கேட்கிறாள். தலைக்கு மேலே கீச்சுக் கீச்சென்று ஒரு கூட்டம். பச்சை. சிவந்த மூக்கு. நீள வால்.

சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு மூதாட்டி அண்ணாந்து பார்க்கிறார்.

"உது எங்கட கிளியல்லோ?"

பேரன் போனில் தேடுகிறான். "ஓம் அம்மம்மா. கூண்டால தப்பினதுகளாம். இப்ப லண்டன் முழுக்க இருக்காம்."

"அப்ப விசா?"

பேரன் திரும்பவும் போனைப் பார்க்கிறான்.