நடமாடும் நடுகல்

காஞ்சன்பாக்கில் வாழ்வோர்க்குப் படைக்கலம் என்றவுடன் ஏவுகணையே நினைவிற்கு வரும். பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களும், 1970-ஆம் ஆண்டில் தோன்றிய பாரத் டைனமிக்ஸ் நிறுவனமும் சூழ்ந்த பகுதி இது. இங்கு உருவான ஏவுகணைகள் தில்லிக் குடியரசு நாள் அணிவகுப்பில் உலா வந்ததைக் கண்டு பெருமிதம் கொண்டிருக்கிறோம். அதே வீதியில், அவற்றிற்கு முன்பாகத் தலைப்பாகையும் ஈட்டியுமாகக் குதிரை வீரர் சென்றதையும் கண்டிருக்கிறோம். "ஏவுகணைக் காலத்தில் குதிரைக்குக் கொள்ளு வாங்குவது வீண் செலவன்றோ?" என்று அலுவலக நண்பர் ஒருவர் ஒருமுறை வினவினார். வரவு செலவு எழுதியே பழகிய எனக்கும் அவ்வினா நியாயமானதாகவே பட்டது. ஆயினும், அப்படையின் வரலாற்றை அறிந்தபின் விடை வேறாயிற்று.

ஜெய்ப்பூரில் உள்ள 61-ஆம் குதிரைப்படையே அது. குவாலியர், ஜோத்பூர், மைசூர் முதலிய சமஸ்தானங்களின் குதிரைப் படைகளை ஒன்றிணைத்து 1953-இல் அமைக்கப்பட்டது. முதல் உலகப் போரில், 1918 செப்டம்பர் 23 அன்று, ஜோத்பூர், மைசூர் வீரர்கள் துருக்கியர் வசமிருந்த ஹைஃபா நகரின்மீது குதிரைகளைப் பாய்ச்சினர். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். இவர்கள் கையில் ஈட்டியும் வாளும். மேஜர் தல்பத் சிங் உள்ளிட்ட எண்மர் மாண்டனர், குதிரைகள் 60 மடிந்தன, நகரம் வீழ்ந்தது. அந்நாளை இப்படையினர் இன்றும் மறவாது போற்றுகின்றனர்.

போரில் வீழ்ந்தோர்க்குக் கல் நட்டு வழிபட்ட மரபினர் நாம். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது ஈறாக அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்துள்ளது. அக்கல்லைப் பயனற்றதென்று எவரும் கூறியதில்லை. பழஞ்சீருடை அணிந்து, பழைய முறைப்படி அணிவகுக்கும் குதிரைப்படையும் ஒரு நடுகல்லே, நடமாடும் நடுகல்.

ஹைஃபாவை வென்ற அதே படைத்தொகுதியில் ஹைதராபாத் ஈட்டி வீரரும் இருந்தனர். தில்லி தீன்மூர்த்திச் சந்தியில் நிற்கும் மூன்று வெண்கல வீரருள் ஒருவர் ஹைதராபாத்துக்கு உரியவர். ஆனால், 1948-இல் நிஜாம் ஆட்சி முடிவுற்றபின் அவருடைய படைகள் கலைக்கப்பட்டன. நிஜாமின் பவனிகளில் உடன் சென்ற ஆப்பிரிக்கக் குதிரைக் காவற்படை, இன்று 'ஏ.சி. கார்ட்ஸ்' என்னும் பேட்டைப் பெயராக எஞ்சியுள்ளது. காஞ்சன்பாக்கை அடுத்த பார்க்காஸ், அரபு வீரர்கள் தங்கிய பாசறை. 'பாரக்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லே அவ்வாறு மருவிற்று. அவர்தம் வழித்தோன்றல்கள் திருமணங்களில் முழங்கும் மர்ஃபா மேளத்தில் மட்டும் பழைய மிடுக்கு சிறிது கேட்கிறது.

பேணுவோர் இருந்த படை, ஈட்டி உயர்த்தி மக்கள்முன் வருகிறது. பேணுவோர் இல்லாத படையோ, பேருந்து நடத்துநர் கூவும் ஊர்ப்பெயராகிவிட்டது. பொருள் தெரியாமலே நாமும் பயணச்சீட்டு வாங்கி இறங்கிச் செல்கிறோம். இவ்வேறுபாட்டை எண்ணும்போது, குதிரைக்கு வாங்கும் கொள்ளு வீண் செலவென்று எழுத என் கை கூசுகிறது.