காலணாவின் கணக்கு

1957 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் கடைத்தெருக்களில் பின்னக் கணக்குப் பரீட்சை தொடங்கியது. 1955-ல் திருத்தப்பட்ட நாணயச் சட்டப்படி, 16 அணாவாக இருந்த ரூபாய் அன்று முதல் 100 நயா பைசா ஆனது. ரூபாயில் 16-ல் ஒரு பங்கு அணா. 64-ல் ஒரு பங்கு காலணா. 192-ல் ஒரு பங்கு தம்பிடி. இவை எல்லாம் இனி தசமமாக வேண்டும்.

நாலணா, எட்டணா, பன்னிரண்டணா மூன்றும் சமர்த்தாக 25, 50, 75 பைசா ஆகிவிட்டன. மற்றவை முரண்டு பிடித்தன. ஓரணா 6.25 பைசா. மூன்றணா 18.75. காலணா 1.5625. தம்பிடியோ 0.520833... என்று முடிவில்லாமல் ஓடியது. கால் பைசாவுக்கும் முக்கால் பைசாவுக்கும் நாணயம் கிடையாது. எனவே மிச்சம் அரைப் பைசா வரை இருந்தால் விட்டுவிடுவது, அதைத் தாண்டினால் முழுப் பைசாவாகக் கொள்வது என்று விதி வகுத்தார்கள்.

நியாயமான விதிதான். ஆனால் அதை எப்போது பிரயோகிப்பது? மூன்றணா விலையில் இரண்டு சாமான்கள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 3/16-ம் 3/16-ம் சேர்ந்தால் 6/16, அதாவது 3/8. தசமத்தில் 0.375 ரூபாய், விதிப்படி 37 பைசா. தனித்தனியாக மாற்றினால் 19-ம் 19-ம் 38. சாமான் அதேதான், ஒரு பைசா கூடுதல்.

காலணா விஷயம் இன்னும் மோசம். 1.5625 என்பது 2 பைசாவானதும் விலை 28 சதவீதம் ஏறிவிடுகிறது. ஓரணாவுக்குச் சேர்த்து வாங்குகிறவர் 6 பைசா கொடுத்தால் போதும். அதையே நான்கு தடவையாகக் காலணா, காலணாவாக வாங்குகிறவர் 8 பைசா கொடுக்க வேண்டும். வியாபாரிக்கும் இடி உண்டு: ஓரணாச் சாமானைப் பதினாறு பேருக்கு விற்றால் ரூபாய்க்குப் பதில் 96 பைசாதான் தேறும்.

பின்னங்களை முதலில் கூட்டு, பிறகு தசமமாக்கு, கடைசியில் முழுமையாக்கு என்பது பள்ளிக்கூடப் பாடம். அன்றாடம் கையில் கிடைக்கும் காசுக்கு அன்றன்றைக்கு உப்பும் எண்ணெயும் வாங்குகிறவருக்கு, மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும் அந்தக் 'கடைசி' வருவதே இல்லை.

1964 ஜூன் 1 முதல் 'நயா' என்ற அடைமொழி போனது. 2011 ஜூன் 30-உடன் 25 பைசாவும் செல்லாக்காசானது. இன்று பல பில்களில் பைசாவே முழு ரூபாயாக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் உதிரும் மிச்சம் யாரோ ஒருவர் பக்கம் சேர்கிறது. அது யார் பக்கம் என்று தெரிந்துகொள்ளவாவது பின்னக் கணக்கு வேண்டும்.